சிறுகுடலில் ஓட்டை: ஏன் விழுகிறது, எப்படி அடைக்கிறோம், பை எப்போது வைக்கிறோம்

சிறுநீரகக் கல் வலியோடு வருபவர் கட்டிலில் புரண்டு துடிப்பார். குடலில் ஓட்டை விழுந்தவர் அசையவே மாட்டார். முழங்காலை மடக்கி, மூச்சைக்கூட மேலோட்டமாக விட்டுக்கொண்டு, கண்ணை மட்டும் திருப்பிப் பார்ப்பார். ஸ்ட்ரெச்சர் வாசல்படியில் இடறினால் அந்த அதிர்ச்சிக்கே முகம் சுருங்கும். கேஷுவாலிட்டியில் நான் முதலில் கவனிப்பது இந்த அசைவின்மையைத்தான். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு வெகு முன்பே அது சேதி சொல்லிவிடும்.

அப்படிப் படுத்திருப்பவரின் குடும்பத்தாருக்கும், அவரை முதலில் பார்க்கப்போகும் பயிற்சி மருத்துவருக்கும், இரவுப் பணியில் இருக்கும் செவிலியருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். வயது வந்தவர்களின் சிறுகுடல் மட்டும்தான் இங்கே பொருள். இரைப்பையிலும் அதை ஒட்டிய முன்சிறுகுடலிலும் அல்சர் வெடித்து விழும் ஓட்டை வேறு வகை. அதை வயிற்றுக் கொழுப்புத்திரையைக் கொண்டு அடைப்பார்கள். நான் பேசப்போவது அதற்குக் கீழே உள்ள இடைச்சிறுகுடல், கடைச்சிறுகுடல் இரண்டையும் பற்றி.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டையைத் தைப்பது பெரிய வித்தை அல்ல. நல்ல குடலில் நாலைந்து தையல் போதும். அந்த ஓட்டை ஏன் விழுந்தது, இந்த நோயாளியின் உடம்பில் போட்ட தையல் பிடிக்குமா என்ற இரண்டு கேள்விகள்தான் கடினமானவை. இந்த நோயில் ஒருவர் பிழைப்பதும் இறப்பதும் அந்த இரண்டுக்கும் நாங்கள் தரும் பதிலையும், அவர் வந்து சேர்ந்த நேரத்தையும் பொறுத்தது.

உள்ளே என்ன நடக்கிறது

சிறுகுடல் சராசரியாக 6 மீட்டர் நீளம். ஒரு விசிறி போன்ற சவ்வில் அது தொங்குகிறது, அதற்கான ரத்தக் குழாய்கள் அந்தச் சவ்வின் வழியாகவே வருகின்றன. குடலின் மேல்பகுதியில் கிருமிகள் குறைவு, செரிமான நீர் அதிகம். கீழே போகப்போகக் கிருமிகள் பெருகுகின்றன. பெருங்குடலைத் தொடும் இடத்தில் ஒரு மில்லிலிட்டரில் கோடிக்கணக்கில் இருக்கும்.

மேல்பகுதியில் ஓட்டை விழுந்தால் பித்தமும் கணைய நீரும் கொட்டி வயிற்றின் உள்ளுறையை எரிக்கும், வலி உடனே கடுமையாக இருக்கும். கீழ்ப்பகுதியில் விழுந்தால் முதல் சில மணி நேரம் வலி மிதமாகக்கூட இருக்கலாம், ஆனால் சீழும் கிருமியும் வேகமாகப் பரவும். கொஞ்ச நேரத்தில் குடல் இயக்கம் நின்று வயிறு உப்பும். லிட்டர் கணக்கில் நீர் ரத்தத்திலிருந்து வயிற்றுக்குள் கசியும். நாடி ஏறும், சிறுநீர் குறையும், ரத்த அழுத்தம் விழும். அதற்குப் பிறகு பிரச்சினை வயிற்றோடு நிற்பதில்லை. சிறுநீரகம், நுரையீரல், இதயம் எல்லாம் சேர்ந்து தடுமாறும்.

காரணங்களில் முதலில் டைபாய்டு

நம் ஊரில் கடைச்சிறுகுடலில் தானாக ஓட்டை விழுந்து வரும் இளைஞரைப் பார்த்தால் முதலில் டைபாய்டைத்தான் நினைக்க வேண்டும். டைபாய்டுக் கிருமி அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக உள்ளே போகிறது. கடைச்சிறுகுடலின் சுவரில் பேயர் திட்டுகள் என்ற நிணநீர்த் திட்டுகள் இருக்கின்றன. கிருமி அங்கே குடியேறி, திட்டு வீங்கி, அழுகி, புண்ணாகிறது. புண் ஆழமாகிச் சுவரைத் துளைப்பது பெரும்பாலும் காய்ச்சலின் இரண்டாம், மூன்றாம் வாரத்தில். அநேகமாக ஒரே ஓட்டைதான் இருக்கும். பெருங்குடல் வாயிலிலிருந்து சுமார் 60 செ.மீ.க்குள், ரத்தக் குழாய்ச் சவ்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் அது இருக்கும்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. பத்துப் பதினைந்து நாள் காய்ச்சலில் துவண்டுபோன உடம்பு வலியைக்கூடச் சரியாகக் காட்டாது. வயிறு பலகை மாதிரி இறுகும் என்று புத்தகத்தில் படித்திருப்போம், இவர்களுக்கு வெறுமனே உப்பலாகத்தான் இருக்கும். டைபாய்டில் வெள்ளணுக்கள் குறைந்தோ சாதாரண அளவிலோ இருப்பது வழக்கம், ஆகவே எண்ணிக்கை நார்மல் என்று நிம்மதி அடைய முடியாது. மூன்றாம் வாரத்தில் இருப்பவருக்குக் காய்ச்சல் திடீரென்று இறங்கி நாடி மட்டும் ஏறினால், 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்த நேரத்தில்தான் அவரை உடனே ஒரு சர்ஜனிடம் காட்ட வேண்டும்.

தடுப்பூசி இருக்கிறது. ஒரே ஊசியாகப் போடும் டைபாய்டு இணைப்புத் தடுப்பூசியை, நோய் அதிகமுள்ள நாடுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது.

காசநோயும் குடலைத் துளைக்கும்

டைபாய்டுப் புண் குடலின் நீளவாக்கில் ஓடும். காசநோய்ப் புண் குடலைச் சுற்றி வளையமாக வரும். ஆறும்போது அது சுருங்கிக் குடலையும் நெரித்துவிடும். அடைப்புக்கு மேலே அழுத்தம் ஏறி, புண்பட்ட இடம் வெடிக்கும். இவர்களிடம் பொறுமையாகக் கேட்டால் பல மாதக் கதை கிடைக்கும். எடை குறைந்தது, சாப்பிட்டதும் வயிறு இழுத்துப் பிடித்துப் பிறகு கடமுடவென்று சத்தத்தோடு விட்டது, சாயங்காலக் காய்ச்சல். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் குடலில் காசநோய் இருக்கலாம். இந்தக் கதையை அறுவைக்கு முன்பே கேட்டு வைப்பது முக்கியம், ஏனென்றால் உள்ளே செய்யும் வேலையே அதனால் மாறும்.

அடிபட்ட வயிறு

டூவீலர் விபத்தில் ஹேண்டில்பார் வயிற்றில் குத்துவது, காரின் சீட்பெல்ட் அழுத்துவது, உயரத்திலிருந்து விழுவது, மாடு முட்டுவது. வெளியே ஒரு கன்றிய தழும்பு மட்டும் தெரியும், உள்ளே குடல் முதுகெலும்புக்கும் அடிக்கும் இடையில் நசுங்கிக் கிழிந்திருக்கும். வயிற்றில் குறுக்கே சீட்பெல்ட் பதிந்த தழும்பு இருந்தால் ஸ்கேன் என்ன சொன்னாலும் நான் அவரை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

காரணம், விபத்து நடந்து ஓரிரு மணி நேரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேனில் குடல் கிழிசல் தெரியாமல் போகலாம். கல்லீரல், மண்ணீரல் எதிலும் காயம் இல்லை, ஆனால் வயிற்றில் கொஞ்சம் நீர் மட்டும் நிற்கிறது என்று ரிப்போர்ட் வந்தால் அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். ஒரே மருத்துவர் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு இணையான கருவி இதில் இல்லை. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. 'செலவாகுமே' என்று கண்காணிப்புக்குத் தங்காமல் கிளம்ப வேண்டிய அவசியம் இல்லை.

கத்திக்குத்தோ, ஜல்லிக்கட்டில் கொம்பு குத்தியோ குடல் வெளியே வந்துவிட்டால் அதை உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியைச் சலைனில் நனைத்து மூடி, 108-ஐ அழையுங்கள். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மற்ற காரணங்கள்

விழுங்கிய பொருட்களில் மீன் முள்ளும் கோழி எலும்பும் முதலிடம். பல்செட்டு வைத்திருப்பவர்களுக்கு மேலண்ணத்தில் முள் உறைக்காது, தெரியாமலே விழுங்கிவிடுவார்கள். பெரும்பாலான முட்கள் தானாக வெளியேறிவிடும். சிக்கிக்கொள்ளும் ஒன்று கடைச்சிறுகுடலில் மெதுவாகத் துளைக்கும். அதற்குள் சாப்பிட்ட நாளே மறந்துபோயிருக்கும்.

வலி மாத்திரைகள் அடுத்தது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்ளோபினாக் வகை மாத்திரைகள் இரைப்பையை மட்டும்தான் கெடுக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அவை சிறுகுடலிலும் புண்ணை உண்டாக்கும், துளைக்கவும் செய்யும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதோடு, வயிற்றில் நடப்பதை அது மூடி மறைத்தும் விடும்.

குடலிறக்கத்தில் சிக்கிய குடலும், பழைய ஆபரேஷன் ஒட்டுதலில் முறுக்கிய குடலும் ரத்த ஓட்டம் இழந்து அழுகி ஓட்டையாகும். வயதான பெண்களின் தொடையிடுக்கில் எலுமிச்சை அளவு வீக்கம் பல நேரம் யார் கண்ணிலும் படாது. வயிற்று வலிக்காரர் யாராக இருந்தாலும் இடுப்புக்குக் கீழே துணியை விலக்கி அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சங்கோசத்தால் விட்டுவிடக் கூடாது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு ரத்தக்கட்டி பறந்துபோய் குடலின் பெரிய ரத்தக் குழாயை அடைத்துவிடுவதும் உண்டு. தாங்க முடியாத வலி இருக்கும், ஆனால் தொட்டால் வயிறு மெத்தென்றிருக்கும். அந்த முரண்பாடே அடையாளம்.

கிரோன் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோய், லிம்போமா போன்ற கட்டிகள், மெக்கல் என்ற பிறவிக் குடல்பை, கீமோதெரபி, எண்டோஸ்கோப்பி அல்லது லேப்ராஸ்கோப்பியின்போது கவனிக்காமல் போன காயம் என்று பட்டியல் இன்னும் நீளும். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினால் கடைசியில் சொன்னதை நினைக்க வேண்டும்.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை

அதிக நேரம் வீணாவது இந்தக் கட்டத்தில்தான், எனக்கு மனம் பொறுக்காததும் இதுதான். வயிற்று வலி என்றதும் முதலில் ஓமவாட்டர், பிறகு 'வாயுப் பிடிப்பு' மாத்திரை, பிறகு ஒரு ஊசி. சிலர் 'குடலேற்றம்' என்று வயிற்றை நீவி, குடல் தட்டுபவரிடம் அழைத்துப்போவார்கள். இன்னும் சிலர் விளக்கெண்ணெய் கொடுப்பார்கள், எனிமா வைப்பார்கள். ஓட்டை விழுந்த குடலை நீவினால், அதுவரை ஓரிடத்தில் ஒதுங்கியிருந்த சீழ் வயிறு முழுக்கப் பரவும். பேதி மருந்து அந்தக் குடலை இன்னும் வேகமாகக் கொட்ட வைக்கும்.

வலி தொடங்கி நாலைந்து மணி நேரத்தில் குறையவில்லை, அசைந்தால் கூடுகிறது, வயிறு உப்பி இறுகுகிறது, காற்றும் பிரியவில்லை, வாந்தி, குளிர் நடுக்கம். இவை சேர்ந்திருந்தால் வாய் வழி எதுவும், தண்ணீர்கூட, கொடுக்காமல் சர்ஜன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். சாப்பிட்டு வரும் மாத்திரைச் சீட்டு, சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மருந்து பற்றிய விவரம், பழைய ஆபரேஷன் காகிதம், கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பது எல்லாம் கையில் இருக்கட்டும். மருத்துவரிடம் போன பிறகு வலி ஊசி போடலாம். வலியைக் குறைத்தால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய பயம்.

உறுதிசெய்வது

நிற்கவைத்தோ உட்காரவைத்தோ எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் வலது உதரவிதானத்துக்கு அடியில் கருப்புப் பிறை போலக் காற்று தெரிந்தால் வயிற்றில் ஏதோ ஓட்டையாகிவிட்டது என்று பொருள். படம் எடுக்கும் முன் பத்து நிமிடமாவது நிமிர்ந்திருக்க வேண்டும், காற்று மேலே ஏற அவகாசம் தேவை. நிமிர முடியாதவரை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுக்கலாம்.

ஆனால் சிறுகுடலில் இயல்பாகவே காற்று குறைவு. இரைப்பை ஓட்டையில் தெரிவதுபோல் இதில் எப்போதும் தெரியாது. எக்ஸ்ரேயில் காற்று இல்லை என்பதை வைத்து 'ஓட்டை இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் சி.டி. எடுக்க வேண்டும். துளியளவு காற்று, குடலருகே நீர், தடித்த சுவர், மீன் முள், கட்டி, ரத்தக் குழாய் அடைப்பு எல்லாவற்றையும் அது காட்டும். காரணத்தையும் சேர்த்துச் சொல்வதால் எனக்கு அதில் நம்பிக்கை அதிகம். வயிறு முழுக்க இறுகி, அழுத்தம் விழுந்து கிடப்பவருக்கு மட்டும் ஸ்கேனுக்காகக் காத்திருப்பது தவறு. அவருடைய இடம் தியேட்டர்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, லாக்டேட், ரத்த வகை பார்க்கிறோம். பெண்ணாக இருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. காய்ச்சல் கதை இருந்தால் ஆன்டிபயாடிக் போடும் முன்பே ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும். வைடால் என்ற டைபாய்டு ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பி டைபாய்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்டுவது சரியல்ல.

தியேட்டருக்கு முந்தைய மணி நேரம்

வறண்டுபோன உடம்பை அப்படியே மயக்கத்துக்குள் தள்ளினால் மேசையிலேயே அழுத்தம் சரிந்துவிடும். அதனால் ஒரு பக்கம் வேகமாகச் சரிசெய்துகொண்டே இன்னொரு பக்கம் தியேட்டரைத் தயார் செய்கிறோம். இரண்டு பெரிய ஊசிக்குழாய், ரிங்கர் லாக்டேட் டிரிப். அழுத்தம் விழுந்தவருக்கு முதல் 3 மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.லி. வரை திரவம், அதற்கும் அழுத்தம் ஏறாவிட்டால் அதை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து. மூக்கு வழியாக ஒரு டியூப் போட்டு இரைப்பையைக் காலிசெய்கிறோம். மயக்கம் கொடுக்கும் நேரத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடாமல் காப்பது அந்த டியூப்தான், ஆகவே எவ்வளவு தொந்தரவாக இருந்தாலும் பிடுங்க விடாதீர்கள். சிறுநீர்க் குழாய் போட்டு மணிக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்கிறோம். கிலோவுக்கு அரை மி.லி. வந்தால் உடம்பு தேறுகிறது.

ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கு ஆன்டிபயாடிக் முதல் ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். செஃப்ட்ரையாக்சோனும் மெட்ரோனிடசோலும், அல்லது பிப்பராசிலின்-டாசோபாக்டம், மிக மோசமாக இருந்தால் மெரோபெனம். அந்தந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிருமிக்கு எது வேலை செய்கிறது என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும்.

பிறகு கையெழுத்து. அந்த நேரத்தில் குடும்பத்தாரிடம் நான் ஒளிக்காமல் சொல்வது: உயிருக்கு ஆபத்தான நிலை, ஐ.சி.யூ. தேவைப்படலாம், இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம், வயிற்றில் மலம் வெளியேற ஒரு பை வைக்க நேரலாம். பை என்றதும் 'அது மட்டும் வேண்டாம் டாக்டர், எப்படியாவது தைத்துவிடுங்கள்' என்பார்கள். அந்தக் கெஞ்சலுக்குச் சர்ஜன் இணங்கிவிட்டால் நோயாளிதான் விலை கொடுப்பார். முடிந்தால் தியேட்டருக்குப் போகும் முன்பே அவரை உட்காரவைத்து, மடிப்பும் வேட்டிக்கட்டும் சேலைக்கட்டும் விழாத இடமாகப் பார்த்து மார்க்கரால் குறித்துவைக்க வேண்டும். அந்த ஒரு நிமிட வேலை பின்னால் பல மாதக் கஷ்டத்தை மிச்சம்பிடிக்கும்.

அறுவை, படிப்படியாக

பெரும்பாலோருக்கு வயிற்றின் நடுக்கோட்டில் நீளமாகத் திறக்கிறோம். நிலையாக இருப்பவருக்கு, சீக்கிரம் வந்துவிட்டால், லேப்ராஸ்கோப்பியில் முடிக்கலாம். முள் குத்திய ஓட்டைகளுக்கு அது மிகப் பொருத்தம். உப்பிய குடலிலும், அழுத்தம் விழுந்த உடம்பிலும் அதை முயலக் கூடாது.

திறந்ததும் வரும் சீழில் கொஞ்சம் கல்ச்சருக்கு எடுக்கிறோம். மீதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, முதலில் கண்ணில் படும் ஓட்டையை மென்மையான கிளாம்பால் பிடித்து மேலும் கொட்டாமல் நிறுத்துகிறோம். அதோடு திருப்தி அடைந்து தைக்கத் தொடங்குவது இளம் சர்ஜன்கள் செய்யும் பெரிய தவறு. குடல் தொடங்கும் இடத்திலிருந்து பெருங்குடல் வாயில் வரை, ஒவ்வொரு பத்து சென்டிமீட்டராக, இரண்டு பக்கமும் திருப்பி, சவ்வோடு ஒட்டும் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்து முடித்த பிறகுதான் தையலைத் தொட வேண்டும். குண்டோ கத்தியோ பாய்ந்திருந்தால் ஓட்டைகள் பொதுவாக இரட்டைப்படையில் இருக்கும். ஒற்றைப்படையில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். டைபாய்டில் வெடிக்கத் தயாராக மெலிந்துபோன அடுத்த புண்ணையும், காசநோயில் கீழே இருக்கும் இன்னொரு சுருக்கத்தையும் தவறவிட்டால் போட்ட தையல் நிற்காது.

அடுத்து, புண்ணின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புகிறோம். பார்த்தாலே டைபாய்டு என்று தெரிகிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. காசநோயோ லிம்போமாவோ அதே போலத் தோற்றம் காட்டலாம்.

தைப்பதா, வெட்டி இணைப்பதா, பையா

ஒரே ஓட்டை, குடலின் சுற்றளவில் பாதிக்கும் குறைவு, சுற்றியுள்ள சுவர் நன்றாக ரத்தம் பாய்ந்து சிவப்பாக இருக்கிறது, நோயாளி நிலையாக இருக்கிறார் என்றால் தைத்துவிடலாம். ஓரத்தில் நைந்த திசுவை ரத்தம் கசியும் வரை சீவிவிட்டு, ஓட்டை நீளவாக்கில் இருந்தாலும் தையலைக் குறுக்குவாக்கில் போடுகிறோம். நீளவாக்கில் இழுத்துத் தைத்தால் குடல் அந்த இடத்தில் குறுகிவிடும். கரையும் நூலில் ஓர் அடுக்கு அல்லது இரண்டு அடுக்கு. வெளியடுக்கில் குடலின் இரு ஓரங்களின் வெளியுறைகளும் ஒன்றையொன்று தொட வேண்டும் என்ற விதியை லெம்பெர்ட் என்ற பிரெஞ்சு சர்ஜன் 1826-இல் வகுத்தார். இன்றைக்கும் தியேட்டரில் அந்தத் தையலை அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறோம்.

அடுத்தடுத்துப் பல ஓட்டைகள், சுற்றளவில் பாதிக்கு மேல் கிழிசல், சவ்வு அறுந்து ரத்தம் இழந்த பகுதி, சுருக்கம், கட்டி ஆகியவற்றில் அந்தத் துண்டை வெட்டி எடுத்து இரு முனைகளையும் இணைக்கிறோம். காசநோய் ஓட்டையை வெறுமனே தைத்தால் கசிய வாய்ப்பு அதிகம், அங்கே வெட்டி இணைப்பதே மேல். கையால் தைத்தாலும் ஸ்டேப்ளரால் இணைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. முனைகளில் ரத்த ஓட்டம் இருக்க வேண்டும், இழுப்பு இல்லாமல் சேர வேண்டும், கீழே அடைப்பு இருக்கக் கூடாது. இந்த மூன்றும் அமையாவிட்டால் விலையுயர்ந்த ஸ்டேப்ளரும் காப்பாற்றாது.

மூன்றாவது வழி பை. ஓட்டை விழுந்து ஒன்றிரண்டு நாள் கழித்து வந்தவர், அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்தில் ஓடிக்கொண்டிருப்பவர், ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் மிகக் குறைந்து எலும்பும் தோலுமானவர், ஸ்டீராய்டில் இருப்பவர், உள்ளே குடல் ஈரக் காகிதம் போல் நைந்து தையல் ஊசியே கிழித்துக்கொண்டு வருபவர். இவர்களுக்குப் போடும் இணைப்பு ஐந்தாம் நாள், ஆறாம் நாள் பிரிந்தால் அதைத் தாங்கும் தெம்பு அவர்களிடம் மீதி இருக்காது. குடலை வயிற்றின் மேல் கொண்டுவந்து வாய் வைத்துவிட்டால் பிரிவதற்கு உள்ளே இணைப்பே இல்லை. பை வைத்ததைத் தோல்வி என்று நினைத்து வருந்திய குடும்பங்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: அந்த இரவில் அவரிடம் இருந்த சக்திக்கு ஏற்ற ஆபரேஷன் அது. ஓட்டை குடலின் மிக மேல்பகுதியில் இருந்தால் மட்டும் பை வைக்கத் தயங்குவோம். அங்கிருந்து வெளியேறும் நீரின் அளவு உடம்பையே வற்றவைத்துவிடும்.

மேசையில் உடம்பு சில்லிட்டு, ரத்தம் உறையாமல், அமிலம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் எதையும் முழுமையாக முடிக்க முயலக் கூடாது. ஓட்டையான பகுதியை வெட்டி, முனைகளை அடைத்து, வயிற்றைத் தற்காலிகமாக மூடி ஐ.சி.யூ.வுக்கு எடுத்துச்சென்று, 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து மீதி வேலையைச் செய்கிறோம். 'வயிற்றை மூடாமலேயே அனுப்பிவிட்டார்கள்' என்று பதறாதீர்கள். தெரிந்தே எடுத்த முடிவு அது.

கடைசியாக, வெதுவெதுப்பான சலைனால் தெளிவாகும் வரை கழுவுகிறோம். கல்லீரலுக்கு மேலும், மண்ணீரல் பக்கமும், இடுப்புக்குழியிலும் சீழ் ஒளிந்துகொள்ளும். வயிற்றுச் சுவரின் உறுதியான அடுக்கை நெருக்கமாகத் தைக்கிறோம். சீழ் அதிகம் இருந்தால் தோலைத் தைக்காமல் விட்டு, சில நாள் கழித்து மூடுகிறோம். தோலைத் தைத்து உள்ளே சீழ் கட்டவிடுவதைவிட அது நல்லது.

முதல் பத்து நாள்

ஆன்டிபயாடிக் எத்தனை நாள் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. 2015-இல் வெளியான ஸ்டாப்-இட் ஆய்வில், வயிற்றுக்குள் தொற்று ஏற்பட்டு மூலகாரணம் சரிசெய்யப்பட்ட 518 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சுமார் 4 நாள் மட்டும் கொடுத்தவர்களும், அறிகுறிகள் அடங்கி மேலும் 2 நாள் வரை (அதிகபட்சம் 10 நாள்) கொடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறினார்கள். எனவே ஓட்டை நன்றாக அடைபட்டிருந்தால் நீட்டித்துக்கொண்டே போக வேண்டியதில்லை. டைபாய்டு மட்டும் விதிவிலக்கு. அது உடம்பு முழுவதும் பரவிய நோய், 10 முதல் 14 நாள் மருந்து தேவை.

மறுநாளே உட்காரவைத்து, முடிந்தால் நடக்கவைக்கிறோம். மூச்சுப் பயிற்சிப் பந்தை ஊதாமல் உள்ளே இழுக்க வேண்டும், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலில் ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுவார்கள். குடல் சத்தம் திரும்பியதும், காற்று பிரிந்ததும் மெல்ல கஞ்சித்தண்ணீர், பிறகு குழைந்த சாதம். பல வாரம் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகச் சாப்பாடு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயத்தையே பாதிக்கும். 'தெம்பு வரட்டும்' என்று சொந்தக்காரர்கள் கொண்டுவரும் சூப்பை வார்டு நர்ஸிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாள் வரை எனக்குத் தூக்கம் லேசாகத்தான் வரும். நாடி காரணமில்லாமல் ஏறுவது, மறுபடி காய்ச்சல், உப்பல், வயிற்றிலிருந்து நீர் வடிய வைத்த டிரெயின் குழாயில் பச்சையோ மஞ்சளோ வருவது ஆகியவை தையல் கசிவின் அறிகுறிகள். காயத்திலிருந்து இளஞ்சிவப்பாக நீர் திடீரென்று நிறைய வந்து கட்டை நனைத்தால் உள்தையல் பிரிந்திருக்கலாம். எழுந்து நிற்காமல் படுத்தபடியே உடனே கூப்பிடுங்கள்.

பையோடு சில மாதங்கள்

வெளியே தெரியும் குடல் வாய் ஈரமாக, சிவப்பாக இருக்க வேண்டும். தொட்டால் வலிக்காது, உரசினால் லேசாக ரத்தம் வரும், அது சாதாரணம். கருத்தால் உடனே வர வேண்டும். பையின் ஒட்டுத்தட்டில் வெட்டும் துளை குடல் வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். பெரிதாக வெட்டினால் செரிமான நீர் தோலை வேகவைத்துவிடும். முதல் வாரங்களில் வாய் சுருங்கும், ஆகவே ஒவ்வொரு முறையும் அளந்து வெட்டுங்கள்.

வெளியேறும் நீரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் இருந்தால் நல்லது. ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாகம் எடுக்கிறதே என்று வெறும் தண்ணீரையும் இளநீரையும் லிட்டர் கணக்கில் குடித்தால் பையில் வருவதும் கூடும், சோடியம் இறங்கித் தலைசுற்றும். ஓ.ஆர்.எஸ். கரைசலும், உப்புப் போட்ட கஞ்சியும் உடம்பில் தங்கும். தேவைப்பட்டால் லோபரமைடு மாத்திரை எழுதித் தருவார்கள். தேங்காய்த் துண்டு, சோளம், காளான், முருங்கைச் சக்கை போன்றவை குடல் வாயை அடைத்துக்கொள்ளும், தவிர்த்துவிடுங்கள்.

எடை ஏறி, ரத்தத்தில் புரதம் தேறி, நோய் அடங்கிய பிறகு, பெரும்பாலும் 8 முதல் 12 வாரத்தில் பையை எடுத்துக் குடலை உள்ளே இணைக்கலாம். அதற்கு முன் கீழ்ப்பகுதிக் குடலில் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொள்கிறோம். காசநோய் என்றால் ஆறு மாத மாத்திரையைப் பை எடுத்த சந்தோஷத்தில் நடுவில் நிறுத்திவிடக் கூடாது. கடைச்சிறுகுடலில் 60 செ.மீ.க்கு மேல் வெட்டியிருந்தால் வைட்டமின் பி12 உறிஞ்சப்படாது. அதன் அறிகுறி வர வருடங்கள்கூட ஆகும், அதனால் ஊசியை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியிருக்கும். கனமான பொருளை மூன்று மாதத்துக்குத் தூக்க வேண்டாம், தழும்பில் குடலிறக்கம் வரலாம்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் பயாப்சி ரிப்போர்ட் பெரும்பாலும் வந்திருக்காது. வீட்டுக்குப் போன அவசரத்தில் அதை வாங்க மறந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி வலியோடு வரும்போதுதான், அந்த ரிப்போர்ட்டில் காசநோய் என்றோ லிம்போமா என்றோ எழுதியிருந்தது தெரியவருகிறது. ஆகவே தையல் பிரிக்க வரும் அன்றைக்கே லேபுக்குப் போய் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, ஆபரேஷன் செய்த சர்ஜனிடம் காட்டிவிட்டு, பிறகு பஸ் ஏறுங்கள். எவ்வளவு குடல் வெட்டினார்கள், எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.